ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்

என் மகள் பி.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மெட்ரிக் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு இடமில்லை. ஆனால் மத்திய அரசின் சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளுடைய கணக்கு டீச்சர் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கிடைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு 36,000. தையல் கூலியில் வீட்டை நடத்தும் எனக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் ஆனது. விண்ணப்பம் போடத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். "நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்க்கா, எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்" என்றார் கடைக்காரர். கட்டணம் 1,500. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆதாருக்கு வந்த ஓடிபியைச் சொன்னோம், கையெழுத்துப் போட்டோம், ஒரு பேப்பரைக் கொடுத்தார். அதை பீரோவில் பத்திரமாக வைத்தேன்.

அந்தப் பேப்பரை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. படித்திருந்தால் இரண்டு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். முதலாம் ஆண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் ஆண்டு என்று இருந்தது. எங்கள் போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கடையில் கிடந்த ஏதோ ஒரு சிம்மின் நம்பர்.

கல்லூரியில் விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர்கள் தப்பைக் கண்டுபிடித்து, திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தகவல் கடைக்கார நம்பருக்குப் போயிருக்கிறது. மற்ற பிள்ளைகள் பணம் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்ட பிறகுதான் மகள் ஆபீசில் போய்க் கேட்டாள். "திருப்பி அனுப்பி ரொம்ப நாளாச்சேம்மா, திருத்தவே இல்லையே" என்றார்களாம். கெடு முடிந்திருந்தது. வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கல்லூரி மேலும் எனக்கு வருத்தம்தான்.

கடைக்குப் போனேன். "அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணலக்கா" என்றார். பாஸ்வேர்டு கேட்டதற்கு, எழுதி வைத்த நோட்டைக் காணோம் என்றார். சண்டை போட்டதில் 500 ரூபாய் திரும்ப வந்தது. அடுத்த வருடம் போடலாம் என்று சமாதானம் வேறு. இந்த உதவித்தொகைக்கு அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். மூன்று வருடப் பணமும் போயிற்று. மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. "நானே மொபைல்ல போட்டிருப்பேன்மா" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் விண்ணப்பம் போட்டவர்கள் தயவுசெய்து இன்றே பிள்ளையின் லாகினைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு உங்கள் கையில் இல்லை என்றால் இப்போதே கேட்டு வாங்கி மாற்றுங்கள். போன் நம்பர், படிக்கும் ஆண்டு, கல்லூரிப் பெயர் மூன்றையும் சரிபாருங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் அதிலேயே தெரியும். ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருப்பவர்களும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அப்புறம், கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் ஊழியர் யார் என்று கேட்டு, விண்ணப்பம் போட்ட அடுத்த வாரமே பிள்ளையை அவரிடம் நேரில் அனுப்புங்கள்.