கொழிஞ்சாம்பாறையில் ஒரு தையல் கடை: திருநம்பிகள் தயங்காமல் போகலாம்

ரெடிமேட் சட்டை எனக்கு ஒருநாளும் சரியாக அமைந்ததில்லை. இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் தோள் தொங்கும். தோளுக்குப் பார்த்து எடுத்தால் கீழ்ப் பொத்தான் மாட்டாது. பெண்ணென்று பதியப்பட்டுப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள் பலருக்கும் இதே பாடுதான். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில், கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் இந்த மாஸ்டரிடம் தைத்துப் போட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விடிவு வந்தது.

கடை சின்னது, பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, சுவரில் பேப்பர் கட்டிங்குகள். மாஸ்டர் நம் கொங்குத் தமிழ் பேசுகிறவர். மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்வார்.

அளவெடுப்பதுதான் எங்களுக்குப் பெரிய பயம். நான் திருநம்பி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "சரிங்க தம்பி" என்றவர், தோள், கை, காலர் எல்லாம் வழக்கம்போல எடுத்தார். மார்பளவு வந்ததும் டேப்பை என் கையில் கொடுத்து, "நீங்களே சுத்திப் புடிங்க, நம்பர் மட்டும் சொன்னாப் போதும்" என்று நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "உள்ள போடறதோட எடுத்த அளவா, அது இல்லாமயா?" மார்பைத் தட்டையாகக் காட்ட உள்ளே போடும் இறுக்கமான பைண்டரைத்தான் கேட்டார். தைக்கிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். மார்பு எடுப்பாகத் தெரியும்படி மடித்துத் தைக்கும் டாட் பிடிக்காமல், தோளிலிருந்து நேராக இறக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட். இடுப்பில் பிடிக்காமலிருக்கச் சைடில் ஓப்பன். துணியும் அவர் சொன்னதுதான்: கொஞ்சம் கனமான காட்டன், பொடிக்கட்டம், அடர்ந்த நிறம். மெல்லிய வெள்ளைத் துணி உடம்போடு ஒட்டி எல்லாவற்றையும் காட்டிவிடும். ஹார்மோன் எடுக்கிறேன், தோளும் கழுத்தும் இன்னும் திரளும் என்று சொன்னதால் உள்தையலில் தாராளமாகத் துணி விட்டிருக்கிறார். மார்பு அறுவை சிகிச்சை முடிந்ததும் கொண்டு வந்தால் பிடித்துத் தருவதாகவும் சொன்னார். அதற்குத்தான் பணம் சேர்க்கிறேன். கேரள சமூக நீதித் துறையின் சிகிச்சை உதவிக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

இதனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் மூச்சு. தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க பைண்டரை இறுக்கிக்கொண்டு வேர்க்குருவும் விலா வலியுமாகக் கிடந்தேன். பைண்டர் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. காசு இல்லையென்று கிரேப் பேண்டேஜ் சுற்றுகிற தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். மூச்சு விட விட அது இன்னும் இறுகும், விலா எலும்பையே பதம் பார்த்துவிடும். இந்தச் சட்டை வந்த பிறகு லோடு ஏறும் நாட்களில் பைண்டர் இல்லாமலே மண்டிக்குப் போகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. மறு வருஷமே, நாட்டிலேயே முதல் மாநிலமாகக் கேரளம் திருநர் கொள்கை (திருநம்பி, திருநங்கை எல்லோருக்குமானது) கொண்டுவந்தது. என்னிடம் அடையாள அட்டையும் இருக்கிறது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு பெரிய துணிக்கடையில், ட்ரையல் ரூம் வாசலில் என்னை நிறுத்திவைத்து, எந்தப் பக்கம் அனுப்புவதென்று ஊழியர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அங்கே அட்டையை யார் கேட்டார்கள்? அந்தக் கடைக்குப் போன பலர் இப்போது மாஸ்டரிடம்தான் வருகிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரு திருநங்கை அக்கா பொள்ளாச்சியிலிருந்து வந்து ஜாக்கெட் தைத்துப் போகிறார். அவருக்குத் தோள் அகலம். கை ஏறும் இடத்தில் கிழியாமல் தைக்க இவருக்குத்தான் வருகிறது என்கிறார்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்குச் சட்டை கிடைக்காது. போட்டுப் பார்க்கத் தனி அறை இல்லை, பின்பக்கம் ஒரு திரைதான். சாயங்காலம் கூட்டம் இருக்கும். கூச்சமாக இருந்தால் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். கூலி மற்றவர்களுக்கு என்னவோ அதேதான் நமக்கும்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். காட்டன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள். தைத்த பிறகு சுருங்கினால் முதலில் பிடிப்பது மார்பில்தான்.