50 ரூபாயில் 40 நிமிஷம் அப்டேட்டுக்கே: தண்டையார்பேட்டை கேமிங் சென்டர் எப்படி?

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி, டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடி. பத்து கம்ப்யூட்டர், ஒரு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன்), ஏசி, மணிக்கு 50 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம். சொல்லப்போகும் கோளாறில் பாதி கடைக்காரர் கையில் இல்லாதது.

உள்ளே போனதும் கூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். புது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஆறு மெஷின் ஜன்னல் பக்கம், பழசு நாலு சுவரோரம். சுவரோரம்தான் இடமே கிடைக்காது. அங்கே ஓடுவது கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம், 2003-இல் வந்தது. லாகின் இல்லை, ஓடிபி இல்லை, நெட்டே தேவையில்லை. ஒருத்தர் லேனில் (கடைக்குள் மெஷின்களை இணைக்கும் கேபிள் வலை) சர்வர் போட, மற்ற மூணு பேர் சேர, ஒரு நிமிஷத்தில் டஸ்ட் 2 என்ற களத்தில் சண்டை ஆரம்பம். செத்தவனைத் திரும்பிப் பார்த்து அங்கேயே கலாய்க்கலாம். கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகள் அழிந்து வழுவழுவென்று இருக்கின்றன. அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை.

ஜன்னல் பக்கம் வாலரண்ட், நெட்டில் ஆடும் துப்பாக்கிச் சண்டை. கேம் நல்ல கேம்தான், ஓசியும்கூட. ஆனால் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு அப்டேட். கடையில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். 5 ஜிபி அப்டேட்டை ஒரு மெஷின் மட்டும் இழுத்தால் ஏழு நிமிஷத்தில் முடியும். ஆறும் சேர்ந்து இழுத்தால் 40 நிமிஷம். உங்கள் மணிக்கணக்கு மட்டும் நிற்காமல் ஓடும். ஒரு மெஷினில் இறக்கி, மற்றவற்றுக்கு லேனில் காப்பி போட்டால் மெஷினுக்கு ஓரிரு நிமிஷ வேலை. கடைக்காரருக்கு இது தெரியும். காலையில் திறக்கும்போதே செய்வதற்குத்தான் சோம்பல்.

இதைவிடச் சிக்கலானது வேறொன்று. வைரஸ் பயத்தில் எல்லா மெஷினிலும், ரீஸ்டார்ட் செய்தால் சி டிரைவைப் பழைய நிலைக்கே கொண்டுபோகும் மென்பொருள் போட்டிருக்கிறார்கள். வாலரண்டின் ஹேக்கர் தடுப்பான் வான்கார்டோ விண்டோஸோடு சேர்ந்தே எழுந்திருக்க வேண்டிய ஆள். அதைப் போட்டதும் ரீஸ்டார்ட் கேட்கும். ரீஸ்டார்ட் செய்தால் போட்டது காணாமல் போகும். மறுபடி போடு, மறுபடி ரீஸ்டார்ட். சுத்திக்கொண்டே இருக்கலாம். அந்த மென்பொருள் சி டிரைவுக்குப் போட்ட பூட்டைத் திறந்து, வான்கார்டைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, கேம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும். விண்டோஸ் 11 போட்ட மெஷினில் 'வான் 9001' என்று பிழை வந்தால் காரணம் வேறு: பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பாஸ்வேர்ட் கடைக்காரரிடம். உட்காரும் முன்பே கேளுங்கள், மீட்டர் ஓட ஆரம்பித்த பிறகு அல்ல.

மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாறும் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பார்த்தால் மூன்று மானிட்டர்கள் 60-இல் நிற்கின்றன. நீங்கள் மாற்றலாம், உடனே வித்தியாசம் தெரியும். ஆனால் அதே பூட்டு மென்பொருள் அடுத்த ரீஸ்டார்ட்டில் 60-க்கே இழுத்துவிடும். மௌஸையும் சோதியுங்கள்: டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரை ஒரே ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். திறந்துகொண்டால் உள்ளே சுவிட்ச் தேய்ந்து இரட்டைக் கிளிக் அடிக்கிறது. அப்படிப்பட்ட மௌஸில் பட்டனைப் பிடித்து அழுத்தியிருந்தாலும் துப்பாக்கி நடுநடுவே விட்டுவிடும். வேறு மௌஸ் கேளுங்கள், தருகிறார்கள்.

பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், பரவாயில்லை. மும்பை சர்வரில் 30 மில்லிசெகண்டை ஒட்டி நிற்கிறது, கேபிள் வழி நெட் என்பதால். திடீரென்று 200-ஐத் தொட்டால் யாரோ வீடியோ அப்லோட் செய்கிறார்கள் என்று அர்த்தம். ரவுட்டரில் வரிசை நிரம்பிப்போய் உங்கள் தகவல் பின்னால் நிற்கிறது. அப்லோட் வேகத்துக்கு ரவுட்டரில் ஒரு வரம்பு வைத்தால் தீரும்.

மணிக்கணக்கில் காசு கொடுப்பவர்கள் வாலரண்டில் ரேங்குக்கு ஆடும் காம்பெட்டிட்டிவ் மேட்ச் பக்கம் யோசித்துப் போங்கள். 13 ரவுண்டு ஜெயிக்க வேண்டும், ஒரு மேட்ச் அரை மணியிலிருந்து முக்கால் மணி. இரண்டாவதைத் தொடங்கி நேரம் முடிந்து எழுந்தால் அக்கவுன்டுக்குத் தண்டனை, கூட ஆடும் நாலு பேருக்கும் நாசம். ஸ்விஃப்ட்பிளே என்ற குட்டி மேட்சில் 5 ரவுண்டு ஜெயித்தால் போதும், கால் மணியில் முடியும். துப்பாக்கிக்குச் சட்டை மாட்ட ஸ்கின் வாங்குவது உங்கள் இஷ்டம். கேமுக்குள் இருக்கும் கடை தினம் நாலைத்தான் காட்டும், கேட்டது எப்போது வரும் என்று சொல்லாது.

பிஎஸ்4-இல் ஃபுட்பால் ஆட வருபவர்கள் அதிகம், இது வட சென்னையாச்சே. வீரர்களைச் சேர்க்கும் அல்டிமேட் டீம் பேக்கை யாரும் பிரிப்பதில்லை. நேராக ஆடும் கிக் ஆஃப், பாதிக்கு ஆறு நிமிஷம், பக்கத்தில் ஒரு ஆள், முடிந்தது. இரண்டாவது கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் டிரிஃப்ட் இருக்கிறது, கை வைக்காமலே ஆள் நகர்கிறான். முதல் கன்ட்ரோலரை முந்திக்கொள்ளுங்கள்.

அடுக்கி வைத்த டிஸ்க்குகளில் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம் இருக்கிறது, எடுக்காதீர்கள். 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும் தனியாக ஓட்டும் பகுதியும் சேர்ந்தே செத்தது. அந்தக் கோபத்தில் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எதிர் மாடி கேரம் கிளப்பில் சர்வர் தொல்லையே இல்லை, போர்டுக்குப் போரிக் பவுடர் தூவினால் ஆட்டம் ஆரம்பம்.

சாயங்காலம் போனால் சுவரோரம் இடமிருக்காது, அதுவும் ஞாயிறு சுத்தமாக முடியாது. வார நாளில் மதியம் போங்கள். வாலரண்ட் என்றால் அப்டேட் வந்த அன்றைக்கு வேண்டாம், மறுநாள்.