முப்பந்தல் காற்றாலை போர்டில் சைக்கிள் கவுண்டர்: மூன்று சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு

காற்றாலை இறக்கையின் கோணத்தைத் திருப்பும் கன்ட்ரோல் டாஸ்க் (போர்டில் ஓடும் புரோகிராமின் ஒரு பகுதி) 1 மில்லிசெகண்டுக்குள் முடிந்தாக வேண்டும். எஸ்டிஎம்32எஃப்407 சிப்பை 168 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் அது 1,68,000 சைக்கிள், அதாவது சிப்பின் கடிகாரத் துடிப்பு. டாஸ்க் அதிகபட்சம் எத்தனை சைக்கிள் எடுக்கிறது என்று அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். சிப்புக்குள்ளேயே சைக்கிள்களை எண்ணும் டிடபிள்யூடி கவுண்டரே போதும். டெம்சிஆர் என்ற டீபக் ரிஜிஸ்டரில் 24-ஆவது பிட், டிடபிள்யூடி கன்ட்ரோலில் 0-ஆவது பிட், இரண்டையும் போட்டால் ஓடும். 32 பிட் என்பதால் சுமார் 25.6 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குச் சுற்றி வந்துவிடும். நடுவில் எந்த வேலையும் இல்லாமல் வெற்று அளவீடு ஒன்று எடுத்து, அளப்பதற்கே ஆகும் அந்தச் சைக்கிள்களைக் கழித்துக்கொள்ளவும்.

சிக்கல் கவுண்டரில் இல்லை, அளக்கும் காலத்தில் இருக்கிறது. பங்குனியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் அடங்கிக் கிடக்கும்போது ஒரு வாரம் அளந்து எடுத்த அதிகபட்சம் ஆடியில் நிற்காது. அம்மி பறக்கிற காற்றில்தான் ஓவர்ஸ்பீடு அலாரமும் அதை லாக்கில் (பதிவேட்டில்) எழுதுவதும் ஒரே சுற்றில் வந்து விழும்.

அந்த லாக்தான் பெரிய வில்லங்கம். அலாரத்தை புரோகிராமும் இருக்கும் உள் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதினால், 128 கேபி செக்டார் நிறைந்ததும் அழிக்க வேண்டும். அதற்கு 1 விநாடி, மோசமானால் 2 விநாடி. அதுவரை ஃபிளாஷிலிருந்து புரோகிராம் கோடை எடுக்க முடியாமல் சிபியு அப்படியே நிற்கும். ஓர் அலாரம் 32 பைட் என்றால் 4,096 அலாரத்துக்கு ஒருமுறைதான் இது நடக்கும். மேசைமேல் செய்யும் சோதனையில் கண்ணில் படவே படாது. லாக்கை வெளியே, எஸ்பிஐ இணைப்பில் மாட்டும் எஃப்ராம் நினைவக சிப்புக்கு மாற்றுவதே தீர்வு. அதில் அழிக்கும் வேலையே கிடையாது.

ஒரே ஃபங்ஷனை ஆயிரம் தடவை லூப்பில் ஓட்டி அளப்பதும் ஏமாற்றும். ஃபிளாஷிலிருந்து எடுத்த கோடைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் 1 கேபிதான். சின்ன ஃபங்ஷன் முழுதாக அதில் உட்கார்ந்துகொள்ளும். நிஜ ஓட்டத்தில் மற்ற டாஸ்க்குகள் அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் கேஷை அணைத்து, ரீசெட் செய்து, மறுபடி ஆன் செய்யவும். ஓடும் வேலையை இடையில் நிறுத்தி நுழையும் இன்டரப்ட்டுகளையும் அப்போது நிறுத்திவிட்டு, 1 மில்லிசெகண்டில் அவை எத்தனை முறை வரக்கூடுமோ அதால் அவற்றின் நேரத்தைப் பெருக்கித் தனியே கூட்டவும்.

சி கோடில் 0.5 என்ற எண்ணுக்குப் பின்னால் எஃப் போட மறந்தால் கணக்கு 32 பிட் சிங்கிளிலிருந்து 64 பிட் டபுளுக்குத் தாவும். இந்தச் சிப்பில் தசமக் கணக்குப் போடும் எஃப்பியு சிங்கிள் மட்டுமே செய்யும். மீதி சாஃப்ட்வேரில் இழுபடும். டபுள் ப்ரமோஷன் வார்னிங்கை ஆன் செய்தால் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.

கோடை ஓட்டாமலே அதிகபட்ச நேரத்தைக் கணக்கிடும் ஸ்டாட்டிக் அனாலிசிஸுக்கு ஒட்டாவா (OTAWA) என்ற மென்பொருள் இலவசம். ஒவ்வொரு லூப்பும் அதிகபட்சம் எத்தனை தடவை சுற்றும் என்று நாம் எழுதித் தர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் சென்சார் அளவை எண்ணாக மாற்றும் ஏடிசி முடிக்கும்வரை காத்திருக்கும், எல்லையே இல்லாத ‘ஏடிசி ரெடியா’ லூப்புகள் அப்போதுதான் பிடிபடும். அவற்றுக்கெல்லாம் டைம்அவுட் போட்ட பிறகே மேலே போகவும்.

கம்பைலர் பதிப்பையோ ஆப்டிமைசேஷனையோ மாற்றினால் எடுத்த எண்கள் எல்லாம் செல்லாது. மறுபடி அளக்கவும்.