வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லாப்: 9,500 ரூபாய் போச்சு, கவனம்

இப்போதுதான் அந்தக் கவுண்டரில் கத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், கை இன்னும் நடுங்குகிறது. வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அம்மாவுக்குக் காலைக் கோர்ட்டிசோல் (சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியின் ஓமோன்) குறைவாக வந்ததால், அதைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற, மூளையடியில் உள்ள கபச்சுரப்பியின் ஓமோனையும் பார்க்கச் சொன்னார் டொக்டர். வீட்டுக்கே வந்து எடுக்கும் ஒரு தனியார் லாப்பைப் பிடித்தேன். 9,500 ரூபாய், முன்கூட்டியே கட்டியாயிற்று. எப்போதும் நரம்பு அகப்படாமல் மூன்று நாலு தரம் குத்து வாங்கும் அம்மாவுக்கு, வந்த பையன் ஒரே குத்தில் எடுத்துவிட்டான். "முடிஞ்சுது அம்மா" என்று பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றானே, அதிலேயே எனக்கு முழு நம்பிக்கையும் வந்துவிட்டது. அதனால்தான் ஊதா மூடிக் குழாயை அவன் அப்படியே முதுகுப்பையில் செருகியபோது, "தம்பி, ஐஸ் வேண்டாமா?" என்று ஒரு தரம் கேட்டேன், "லாப் பக்கத்திலதான் அக்கா, பயப்படாதீங்க" என்றதும் பேசாமல் விட்டுவிட்டேன்.

ரிப்போட்டிலேயே நேரம் அச்சாகியிருக்கிறது. எடுத்தது 8.10, லாப்பில் பெற்றது 12.40. நாலரை மணித்தியாலம் காலி வீதி வெயிலில்!

ஏ.சி.டி.எச். அளவு குறைவாக இருந்ததைப் பார்த்ததும் டொக்டர் கேட்டது, "ஐஸில கொண்டுபோனாங்களா?" இந்த ஓமோனை ரத்தத்திலேயே உள்ள நொதியங்கள் சிதைத்துவிடுமாம். எடுத்த கையோடு ஐஸில் வைத்து, குளிரூட்டிய இயந்திரத்தில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உடனே பார்க்க முடியாவிட்டால் உறைய வைக்கவேண்டும். கோர்ட்டிசோல், தைரொயிட்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். எல்லாம் இவ்வளவு கெதியில் கெடாது. இந்தப் பொய்யான குறைவை நம்பியிருந்தால் கபச்சுரப்பியில்தான் கோளாறு என்று அம்மாவை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பியிருப்பார்கள். அட்ரீனலில் பிழை என்றால் ஏ.சி.டி.எச். அளவு கூடியல்லவா இருக்கவேண்டும், அது இனி யாருக்குத் தெரியும்?

போன் எடுத்தால் "மெஷின் சரியா வேலை செய்யுது மிஸ்." மறுநாள், "மனேஜர் மீட்டிங்கில்." இன்று நேரில் போய் நேரத்தைக் காட்டினால், திரும்பச் செய்தால் பத்து வீதம் கழிவு தருவார்களாம். என் 9,500 ரூபாயைக் கேட்டால் காசு திருப்பிக் கொடுக்கிற வழக்கமே இல்லையாம்!

ஏ.சி.டி.எச். என்றால் வீட்டில் எடுக்கவிடாதீர்கள், லாப் உள்ள இடத்துக்கே போங்கள். ஐஸ் கண்ணால் பார்க்காமல் கையை நீட்டாதீர்கள். ரிப்போட்டில் அந்த இரண்டு நேரத்தையும் பாருங்கள். வேறு என்ன சொல்ல, 9,500 ரூபாய்! நாளை எட்டு மணிக்கு அம்மாவுக்குத் திரும்பவும் குத்து.