பினாங்கில் உறைந்துபோன பேனா

அத்தை வீட்டுக்கே நேராகப் போயிருக்கலாம். லண்டனிலிருந்து ஊருக்கு வந்தும் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஓர் இரவு ஹோட்டல் எடுத்தேன். அந்த அறையின் குட்டி ஐஸ்பெட்டியில், பின்சுவரை ஒட்டி வைத்த இன்சுலின் பேனாக்கள் (பேனா வடிவ மருந்து ஊசிகள்) காலையில் கல்லாகக் கிடந்தன. உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். வெளியே 32 டிகிரி வெயிலாச்சே என்று பயந்து வைத்ததற்கு நல்ல பலன்!

எனக்கு முதல் வகை நீரிழிவு. சாப்பாட்டுக்குப் போடும் பேனா ஒன்று பையில் தப்பியது. இரவில் போடும் நீண்ட நேர மருந்து மொத்தமும் போச்சு. அது இல்லாமல் நாளை ஓட்ட முடியாது.

அத்தைக்குப் பதற்றமே இல்லை. "என்னோடதைப் போட்டுக்க தம்பி, எல்லாம் ஒரே இன்சுலின்தானே? முதல்ல பசியாறு." அவருடையது உள்ளங்கையில் உருட்டிப் பாலாகக் கலக்கிப் போடும் கலப்பு இன்சுலின்; எனக்குத் தெளிந்த நீர்போல இருக்கவேண்டும். அதோடு, ஊசியை மாற்றினாலும் ஒருவர் ரத்தம் பேனாவுக்குள் ஏறியிருக்கலாம். சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

அரசாங்க கிளினிக்கில் அத்தை 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறார். மலேசியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்த எனக்கு அந்த 1 வெள்ளி வைத்தியம் கிடையாது. மருந்துக்கடைக்கு நடந்தேன். இரண்டு கடையில் "ஸ்டாக் இல்லை", தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மூன்றாவதில் ஒரு தமிழ்ப் பெண். "பேனாவோட வேணுமா, கார்ட்ரிட்ஜ் மட்டுமா அண்ணா? உங்க பேனா எந்த கம்பெனி?" ஒரு கம்பெனி கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குப்பி, இன்னொன்றின் பேனாவில் உட்காராது என்பது தெரிந்தவர் கேட்கும் கேள்வி. போனில் இருந்த லண்டன் மருந்துச் சீட்டு செல்லாது என்று பக்கத்து கிளினிக்குக்கு அனுப்பினார். எரிச்சல்தான், ஆனால் அவர் செய்தது சரி.

சீட்டோடு திரும்பியதும் விடவில்லை. போடுவதற்கு முன் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்கிறேனா, போட்டதும் ஊசியைக் கழற்றிவிடுகிறேனா என்று கேட்டார். மாட்டியபடியே விட்டால் மருந்து கசியும், காற்று புகும். கழற்றுவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். லண்டனில் இன்சுலினுக்குக் காசே வாங்குவதில்லை. இப்படி யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது என் பேனாக்கள் அத்தையின் ஐஸ்பெட்டிக் கதவில், முட்டைக் குழிக்குப் பக்கத்தில். மாறிவிடாமல் இருக்க என்னுடையதில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார் அத்தை.