மியூரன் சீசன் பாஸ்: காற்று அடிக்காத வரை நல்லது

“மியூரனில் புது கேபிள் கார் வந்துவிட்டதே, இனி சீசன் பாஸ் எடுக்கலாமா?” என்று பெர்னில் இருக்கும் நண்பர் கேட்டார். மியூரன் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள பனிச்சறுக்கு ஊர். சீசன் முழுக்க அங்கே லிஃப்டில் ஏறிச் சறுக்குவதற்கான அட்டைதான் சீசன் பாஸ். பல குளிர்காலமாக அந்தப் பாஸை வைத்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என் கோபம், தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வரும் ஃபென் காற்றின் மேல். மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடேறி வரும். அதனால் அன்றைக்குத்தான் வானம் பளிச்சென்று இருக்கும். எதிரே ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் எட்டித் தொடலாம் போல நிற்கும். ஊருக்குள் காற்றே தெரியாது. ஆனால் மேலே, கேபிள் கார் போகும் பிர்க் நிலையமும் ஷில்ட்ஹார்ன் சிகரமும் காற்றால் மூடப்பட்டிருக்கும்.

மியூரன் இருப்பது 1,638 மீட்டரில். பிர்க் 2,677 மீட்டர், ஷில்ட்ஹார்ன் 2,970. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கான சரிவுகளில் பெரும்பாலானவை அந்த உயரத்திலிருந்துதான் இறங்குகின்றன. அது மூடினால் எல்லோரும் கீழே இருக்கும் விண்டெரெக் பக்கம் வந்து குவிவார்கள். குழந்தைகளும் புதிதாகப் பழகுபவர்களும் நிதானமாகச் சறுக்க வேண்டிய இடம் அது. இன்டர்லாக்கனில் ஒரு ரயில், லவுட்டர்ப்ரூன்னனில் கேபிள் கார், க்ரூட்ஷால்ப்பில் இன்னொரு ரயில் என்று ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு மாறி மாறி வந்து, கடைசியில் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். பாஸ்காரருக்கு அந்த நாள் போனது போனதுதான்.

புது கேபிள் காரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் தாங்கும் வடங்கள் அகலமாக விலகியிருப்பதால் பழையதைவிட அதிகக் காற்றைத் தாங்குகிறது. ஆனாலும் பலத்த ஃபென் அடித்தால் நிறுத்தத்தான் வேண்டும், நிறுத்துவதும் சரி. நாற்காலி லிஃப்ட்கள் அதற்கும் முன்பே நின்றுவிடும். 1928-இல் தொடங்கிய இன்ஃபெர்னோ என்ற பனிச்சறுக்குப் பந்தயமே, ஷில்ட்ஹார்னிலிருந்து பள்ளத்தாக்கு வரை போக வேண்டியது, பனி போதாத வருடங்களில் விண்டெரெக்கோடு முடிந்துவிடுகிறது. இந்த மலை யாருக்கும் சலுகை காட்டாது.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பொதுப் போக்குவரத்துக்குச் சாலையே கிடையாது. 1891 முதல் ரயில் ஓடுகிறது. கட்டில், பால், சிமெண்ட் எல்லாம் ரயிலிலோ கேபிள் காரிலோதான் மேலே வரும். விலையிலும் அது தெரியும். ஆனால் அதனால்தான் நான்கு வயதுப் பிள்ளை சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு தெரு நடுவே தனியாகப் போகிறது. அம்மா பின்னால் ஓடுவதில்லை. கைக்குழந்தையும் கடைச்சாமானும் ஒரே சறுக்குவண்டியில் வீடு போகும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது இதற்காகத்தான். பிரிட்டிஷ் பனிச்சறுக்கு முன்னோடி ஆர்னால்டு லன் 1922-இல் இங்கேதான் நவீன ஸ்லாலம் பந்தயத்தை (கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவது) நடத்தினார், 1931-இல் முதல் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகப் போட்டியும் இங்கேதான் நடந்தது. அந்தப் பெருமையையெல்லாம்விட இந்தச் சறுக்குவண்டித் தெருதான் எனக்குப் பெரிது.

வருத்தமும் உண்டு. சீசன் முடிந்த பிறகு போனால் பல வீடுகளில் ஜன்னல் கதவுகள் சாத்தியே கிடக்கும். வருடத்தில் சில வாரம் மட்டும் வந்து போகிறவர்களின் வீடுகள். இரண்டாம் வீடுகளை ஊருக்கு 20 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தச் சொல்லி சுவிஸ் மக்கள் 2012-இல் வாக்களித்தார்கள். அதற்கு முன்பே கட்டியவை கட்டியவைதானே.

சரி, எடுக்கலாமா? போன வாரமும் மேலே மூடியிருந்ததால் இன்றைக்கு என் பதில், வேண்டாம். குடும்பத்தோடு ஒரு வாரம் வந்து தங்குங்கள், காலையில் காற்றைப் பார்த்துவிட்டு நாள் டிக்கெட் வாங்குங்கள். பாஸ்தான் வேண்டுமென்றால் பக்கத்து ஊர்களான வெங்கன், கிரிண்டெல்வால்டிலும் செல்லுபடியாகும் பாஸாக எடுங்கள். அங்கே லிஃப்ட் நின்றாலும் பல்சக்கர ரயில் ஓடினால் கிளைன ஷைடெக் கணவாய் வரை ஏறிச் சறுக்கி இறங்கலாம்.