வேக்கம் ஆயிலரா, எலக்ட்ரானிக் ஆயிலரா? செயினுக்கு எது சரி?

பைக் செயினுக்குத் தானாகவே சொட்டுச் சொட்டாக ஆயில் விடும் கருவிதான் ஆட்டோமேட்டிக் ஆயிலர். தினமும் 15 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வரும் வண்டி, அதுவும் செயினை முழுக்க மூடிய கவர் உள்ள வண்டி என்றால் ஆட்டோமேட்டிக் ஆயிலர் தேவையே இல்லை. அவ்வப்போது கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து கொஞ்சம் 90 நம்பர் கியர் ஆயில் விட்டால் போதும். திறந்த செயினோடு நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் கதை வேறு. சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்ப்ரே அடிப்பவர் வழியில் எங்காவது நிறுத்திக் குனிந்துதான் ஆக வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் இன்னொரு முறை.

கண்ணிகளில் ரப்பர் வளையம் போட்ட ஓ-ரிங் செயினுக்கு எதற்கு ஆயில் என்று கேட்கிறார்கள். ரிங்குகள் அடைத்து வைத்திருப்பது கண்ணியைக் கோக்கும் பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழாய்க்கும் நடுவில் இருக்கும் கிரீஸை மட்டும்தான். செயினின் ரோலர், ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தின் பல்லில் உட்காரும் இடம் வெளியேதான் இருக்கிறது. ரிங்கின் ரப்பரும் காயக் கூடாது. அதற்குத்தான் இந்த மெல்லிய ஆயில் பூச்சு.

வேக்கம் வகையில் எல்லோருக்கும் தெரிந்தது ஸ்காட்லாந்திலிருந்து வரும் ஸ்காட்டாய்லர். எஞ்சின் காற்றை இழுக்கும்போது இன்லெட் பக்கம் உண்டாகும் வேக்கம் (வெற்றிட இழுப்பு), ஆயில் டப்பாவில் உள்ள வால்வைத் தூக்குகிறது. ஆயில் தன் எடையாலேயே டியூப் வழியாக இறங்குகிறது. எஞ்சினை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. அந்த எளிமைக்காகவே எனக்கு இது பிடிக்கும்.

ஆனால் வேக்கத்துக்குத் தெரிவது எஞ்சின் ஓடுகிறதா என்பது மட்டும்தான், சக்கரம் சுற்றுகிறதா என்பது தெரியாது. கிண்டியில் மாலை ஆறு மணிக்கு எஞ்சினை அணைக்காமல் நின்றால், அசையாத ஸ்ப்ராக்கெட்டில் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த தொல்லை வெயில். சூடு ஏற ஏற ஆயில் இளகும். காலையில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று திருகி வைத்தது, மதியம் இரண்டு மணிக்கு திருநெல்வேலி ரோட்டில் அதைவிட வேகமாக ஒழுகும். கோடையில் கெட்டியான ஆயிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மதியம் டயலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் வகை இந்த இடத்தில் ஜெயிக்கிறது. சிலது வண்டியின் அசைவை சென்சாரால் உணரும், சிலது சக்கர வேகத்தையே படிக்கும். சக்கரத்தைப் படிப்பதுதான் சுத்தமான வேலை. ஓடிய தூரத்துக்கு ஏற்ப ஆயில் கிடைக்கும். பம்ப் வைத்துத் தள்ளும் மாடல் என்றால் டப்பா எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கவலையும் குறைவு. விலை அதிகம், ஒயரிங் வேலையும் உண்டு. ஃபியூஸ் இல்லாமல் மட்டும் இணைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் ஒயர் எதிலாவது உரசுகிறதா என்று சீட்டைப் பூட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

கையால் இயக்கும் வகையும் உண்டு. மூடியைத் திருகினால் கொஞ்சம் ஆயில் தள்ளும் கோப்ரா நீமோ 2, பாட்டிலை அமுக்கும் லூப்மேன். இவை கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை. ஆனால் ஞாபகமாகத் திருகுகிறவருக்குத்தான் பயன்படும். அந்த ஞாபகம் இருப்பவர் ஸ்ப்ரேயையும் நேரத்துக்கு அடித்துவிடுவார்.

எதை வாங்கினாலும் கடைசியில் எல்லாம் நிற்பது அந்தச் சின்ன டியூப் முனையில்தான். என் வண்டிக்கு முதன்முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டியபோது முனையை மேல் செயினுக்கு நேராக, ஸ்ப்ராக்கெட்டைத் தொடாமல் தொங்கவிட்டிருந்தார்கள். ஐம்பது கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. நிறுத்திப் பார்த்தால் ரிம்மில் விரல் அகலத்துக்குக் கறுப்பு வரி, டயர் ஓரத்தில் பளபளப்பு. செயினைத் தொட்டால் விரலில் ஈரமே இல்லை. அன்று வளைவில் வண்டியைச் சாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

சரியான இடம் பின் ஸ்ப்ராக்கெட்டின் கீழ்ப்பகுதி. செயின் இடது பக்கம் உள்ள வண்டியை இடப்பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை ஒட்டி முன்னாலிருந்து வரும் டியூபின் முனை அங்கே பின்னோக்கி இருக்கும். ஸ்ப்ராக்கெட்டும் அந்த இடத்தில் பின்னோக்கித்தான் நகர்கிறது. அதனால் முனையைத் தடவிவிட்டுப் போகும், உள்ளே இழுக்காது. மேலே வைத்தால் பற்கள் எதிர்த்து வரும், முனை மாட்டிக்கொள்ளும். பிளேடால் முனையைச் சாய்வாக வெட்டி, வெட்டிய முகம் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டைப் பட்டும் படாமலும் தொடும்படி வையுங்கள். அதில் விழும் ஆயிலைச் சுழற்சியே பற்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

டியூப் சைலன்சர் பக்கம் போகக் கூடாது, எங்கும் மடங்கக் கூடாது. வேக்கம் வகையில் டப்பாவிலிருந்து கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் மேலே ஏறி இறங்கினால் காற்றுக்குமிழி நின்று சொட்டு நின்றுபோகும். வேக்கம் பைப் லேசாக நழுவினாலும் ஐடிலிங் (நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும். ஆயிலரை மாட்டிய மறுநாள் அப்படி ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இணைப்பைத்தான். மாட்டுவதற்கு முன் செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிடுங்கள். பழைய பசை மேல் புது ஆயில் ஓடினால் மணல் அரைக்கும் விழுதுதான் மிஞ்சும்.

கார்புரேட்டர் வண்டி, வேக்கம் எடுக்க வசதியான இடம், பெரும்பாலும் ஹைவே ஓட்டம் என்றால் வேக்கம் வகையே போதும், கூடுதல் செலவு வேண்டாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், அதிலும் நகர நெரிசலில் பாதி நாள் ஓடுகிறவருக்கு, எலக்ட்ரானிக் என்றுதான் சொல்வேன். காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியின் வேக்கத்தை எஞ்சினின் சென்சாரும் நம்பியிருக்கிறது. அந்த வழியில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேக்கம் வகை என்றால், மாட்டி முடித்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, செயினுக்கு அடியில் ஒரு பழைய அட்டையை வைத்து, ஒரு சொட்டு விழ எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்பது நல்ல தொடக்கம். அப்புறம் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வெள்ளைத் துணியால் ரிம்மைத் துடையுங்கள். கறுப்பாக வழிந்திருந்தால் குறைக்க வேண்டும். ரோலர் காய்ந்து மினுங்கினால் கொஞ்சம் கூட்ட வேண்டும். டயரில் துளி பட்டிருந்தாலும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முனையைத் திருத்தாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.